ஜோசப் நீதமை இன்று எதற்காக வாசிக்க வேண்டும்?

அச்சுக்கூடம்:

தொழில்நுட்ப வரலாறு பற்றி இங்கே அவ்வப்போது பேசுகிறோம். ஆனால் அந்தத் துறையில் எனக்கு மிகப் பெரியவராகத் தெரியும் ஜோசப் நீதமுக்கு ஒரு தனி இழை கிடையாது. அதனால் நானே தொடங்குகிறேன்.

அச்சு, வெடிமருந்து, திசைகாட்டி ஆகிய மூன்றும் உலகத்தையே மாற்றிவிட்டன என்று 1620-ல் பிரான்சிஸ் பேக்கன் எழுதினார். அவை எங்கே பிறந்தன என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாது. மூன்றுக்கும் வேர் சீனாவில் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்கிறார்கள். சொல்வது எளிது. எந்த நூலில், எந்த ஆண்டில், எந்த வடிவத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, மொழிபெயர்த்து, படத்தோடு அச்சில் வைப்பதற்கு ஒரு மனிதனின் அரை ஆயுள் தேவைப்பட்டது. அந்த மனிதர்தான் நீதம். அவர் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவரும் இல்லை.

நீதம் 1900 டிசம்பரில் லண்டனில் பிறந்தார். அப்பா மருத்துவர், மயக்க மருந்தில் தேர்ந்தவர். அம்மா பாடல்களுக்கு இசையமைத்தவர். இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. ஒரே பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டு வளர்ந்தான். படித்தது ஔண்டில் என்ற ஊரில் உள்ள பள்ளியில். அங்கே சாண்டர்சன் என்ற தலைமை ஆசிரியர் பள்ளிக்குள்ளேயே பட்டறைகளை அமைத்து, பிள்ளைகளை இயந்திரங்களில் வேலை செய்ய வைத்தார். பிற்காலத்தில் ஒரு பழைய சீன நூலில் பற்சக்கரத்தின் படத்தைக் கண்டால் அது எப்படிச் சுற்றும் என்று நீதமுக்குப் புரிந்ததற்கு அந்தப் பட்டறை ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

1918-ல் கேம்பிரிட்ஜில் கான்வில் அண்ட் கீஸ் கல்லூரிக்கு மருத்துவம் படிக்கப் போனவர், ஹாப்கின்ஸ் என்ற உயிர்வேதியியல் மேதையின் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார். முட்டைக்குள் கரு வளரும்போது என்னென்ன வேதிமாற்றங்கள் நடக்கின்றன என்பதைப் பற்றி 1931-ல் மூன்று தொகுதிகள் வெளியிட்டார். 1941-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். அதோடு நிறுத்தியிருந்தாலும் அவர் பெயர் நின்றிருக்கும்.

1937-ல் சீனாவிலிருந்து மூன்று ஆய்வாளர்கள் கேம்பிரிட்ஜுக்கு வந்தார்கள். அவர்களில் லூ குவெய்-ஜென் என்ற பெண், நான்ஜிங் நகரத்து மருந்துக் கடைக்காரரின் மகள். அவரிடம் நீதம் சீன எழுத்துகளைக் கற்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 36. வேலையும் பெயரும் நிலைத்துவிட்ட வயதில் அகர முதல் தொடங்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அந்த மாணவர்களின் கேள்விகளும் திறமையும்தான் அவரை இன்னொரு பக்கம் திருப்பின. இவ்வளவு செய்த நாட்டில் நவீன அறிவியல் ஏன் எழவில்லை என்பதே அவரைப் பிடித்த கேள்வி.

1943-ல் பிரிட்டன் அவரைப் போர்க்காலத் தலைநகரான சோங்சிங்குக்கு அனுப்பியது. ஜப்பானியப் படையிடமிருந்து தப்பி உள்நாட்டுக்கு இடம்பெயர்ந்திருந்த சீனப் பல்கலைக்கழகங்களுக்குக் கருவி, வேதிப்பொருள், ஆய்விதழ் எல்லாம் கிடைக்கச் செய்வதுதான் வேலை. அந்த வேலைக்காகவே லாரியில் நாடெல்லாம் அலைந்தார். போன இடமெல்லாம் பழைய நூல்களைத் தேடி வாங்கினார், பட்டறைகளைப் பார்த்தார், கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். வடமேற்கில் துன்ஹுவாங் பௌத்தக் குகைகளுக்குப் போன பயணத்தில் வண்டி பழுதாகி வாரக்கணக்கில் அங்கேயே தங்க நேர்ந்தது. அந்த நாட்களையும் குகைகளைப் பார்ப்பதில் செலவிட்டார்.

1946-ல் யுனெஸ்கோவின் அறிவியல் பிரிவுக்கு முதல் தலைவர். கல்வி, பண்பாடு என்று தொடங்கிய அந்த அமைப்பில் அறிவியலும் சேர வேண்டும் என்று போராடியவர்களில் அவரும் ஒருவர். 1948-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, 'சீனாவில் அறிவியலும் நாகரிகமும்' என்ற ஒரே ஒரு தொகுதிக்குப் பதிப்பகத்திடம் திட்டம் கொடுத்தார். முதல் தொகுதி வந்தது 1954-ல். ஒன்று ஏழானது. ஏழும் பல பகுதிகளாகப் பிரிந்து, இருபதுக்கும் மேற்பட்ட தடித்த நூல்களாகிவிட்டன. நீதம் 1995 மார்ச்சில் இறந்தார். பணி அவருக்குப் பின்னும் நடக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீதமின் பெருமை "யார் முதலில்" என்ற பட்டியலில் இல்லை. கைவேலையை, கருவியை, ஏற்றத்தை, உப்புக் கிணற்றை எல்லாம் தத்துவ நூல்களுக்குச் சமமாக உட்காரவைத்து ஆராய்ந்தார் பாருங்கள், பெருமை அங்கேதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கொதிகலன்:

அருமையான தொடக்கம். நான் இயந்திரப் பொறியியல் கற்பிப்பவன். 1965-ல் வந்த நான்காம் தொகுதியின் இரண்டாம் பகுதி, அதாவது இயந்திரங்களைப் பற்றிய நூல், என் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. அதிலிருந்து ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

கைஃபெங் நகரத்தில், சொங் அரச காலத்தில், சூ சொங் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் 11-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வானியல் கடிகாரக் கோபுரம் எழுந்தது. உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். உச்சியில் வளையங்களால் ஆன வானியல் கருவி, உள்ளே விண்மீன்கள் பொறித்த கோளம், முகப்பில் நேரம் அறிவிக்கும் மரப் பொம்மைகள். இவை எல்லாவற்றையும் ஓட்டியது ஒரே ஒரு நீர்ச்சக்கரம்.

நீர்ச்சக்கரம் என்றால் சும்மா சுற்றிக்கொண்டே இருப்பதல்ல. விளிம்பில் 36 அகப்பைகள். மட்டம் மாறாத தொட்டியிலிருந்து ஒரே சீராக நீர் ஓர் அகப்பையில் விழும். நிறைந்து குறிப்பிட்ட எடை வரும் வரை நெம்புகோல்கள் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எடை சேர்ந்ததும் நெம்புகோல் சாயும், பூட்டு விலகும், சக்கரம் ஓர் அகப்பை தூரம் நகரும், மறுபடி பூட்டிக்கொள்ளும். அடுத்த அகப்பை நீருக்குக் கீழே வந்து நிற்கும். ஓடு, நில், ஓடு, நில். கடிகாரம் என்ற பொருளின் உயிரே இதுதான்: தொடர்ந்து வரும் விசையைச் சமமான துண்டுகளாக வெட்டுவது. ஐரோப்பாவில் எடையால் ஓடும் கடிகாரங்கள் வந்தது 13-ம் நூற்றாண்டின் முடிவில்.

சூ சொங் இதைப் படங்களோடு ஒரு நூலாக எழுதிவைத்தார். அந்த நூல் காணாமல் போகவில்லை; அது இருப்பதும் தெரிந்ததுதான். ஆனால் அதில் உள்ள தொழில்நுட்பச் சொற்களை வரிக்கு வரி உடைத்து, இந்தப் பூட்டு எப்படி இயங்கியது என்று உலகத்துக்கு விளக்கியவர்கள் நீதம், வாங் லிங், டெரிக் பிரைஸ் மூவரும். 1956-ல் நேச்சர் இதழில் சுருக்கமாக எழுதினார்கள், 1960-ல் தனி நூலாகவே கொண்டுவந்தார்கள். தைவானின் தைச்சுங் அருங்காட்சியகத்திலும் ஜப்பானில் சுவா என்ற ஊரிலும் முழு அளவு மீளுருவாக்கங்கள் இருக்கின்றன.

வரலாற்றாசிரியனுக்கு மொழி மட்டும் தெரிந்தால் இந்த நூல் புதிராகவே இருந்திருக்கும். பொறியாளனுக்குக் கருவி மட்டும் தெரிந்திருந்தால் திறந்தே பார்த்திருக்க மாட்டான். இரண்டும் ஒரே மேசையில் சந்தித்ததால்தான் சூ சொங் நமக்குக் கிடைத்தார்.

நேர்கோடு:

கொதிகலன் சார், அந்தக் கடிகாரத்தின் முடிவையும் சொல்ல வேண்டும். 1127-ல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் இனப் படைகள் கைஃபெங்கைப் பிடித்து, கடிகாரத்தைக் கழற்றி வடக்கே கொண்டுபோனார்கள். சொங் அரசு தெற்கே தப்பிப் போன பின் அதே போல் இன்னொன்றைச் செய்ய முயன்றும் முடியவில்லை. கடிகார வரலாறு எழுதிய டேவிட் லாண்டஸ் போன்றவர்கள் இதைப் பிரமாதமான முட்டுச்சந்து என்றார்கள். அரண்மனைக்குள் ஒரே ஒரு கருவி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சிலர். அவர்கள் சிதறினால் அறிவும் போயிற்று. நீதம் சாதனையைப் பார்த்த அளவுக்கு அது பரவாமல் போனதைப் பார்த்தாரா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது விஷயம் இன்னும் கடினமானது. 1952. கொரியப் போரில் அமெரிக்கா நோய்க்கிருமிகளை ஆயுதமாகப் பயன்படுத்தியது என்று சீனாவும் வடகொரியாவும் குற்றம் சாட்டின. அதை விசாரிக்கப் போன சர்வதேசக் குழுவில் நீதம் முக்கிய உறுப்பினர். குற்றச்சாட்டு உண்மை என்று அந்தக் குழு அறிக்கை தந்தது. குழு தானே களத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்கவில்லை. சீன அறிவியலாளர்கள் முன்வைத்த சாட்சியங்களையே பெரிதும் நம்பியது. 1998-ல் வெளியான சோவியத் ஆவணங்கள் அந்தச் சான்றுகளில் சில ஜோடிக்கப்பட்டவை என்று சொல்கின்றன. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதாத மனிதர், இங்கே மட்டும் ஏன் அப்படி நம்பினார்? இதைப் பேசாமல் அவருடைய வாழ்க்கையைப் பேசினால் அது புகழ்மாலை ஆகிவிடும்.

அச்சுக்கூடம்:

பேசத்தான் வேண்டும் நேர்கோடு. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. பிரிட்டனில் நாடாளுமன்றம் வரை கண்டனம். நெருங்கிய சகாக்கள்கூட விலகினார்கள். அமெரிக்கா 1970-கள் வரை விசா தரவில்லை. அமெரிக்காவில் பிறந்த தொழில்நுட்ப வரலாற்றுச் சங்கம் 1968-ல் தன் உயரிய விருதான லியனார்டோ டா வின்சி பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. அந்த நாட்டு அரசின் கறுப்புப் பட்டியலில் இருந்தவரைத்தான் அதே நாட்டின் அறிஞர்கள் கௌரவித்தார்கள்.

ஏன் நம்பினார் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் பலர் போர்க்காலத்தில் அவர் நேரில் பழகிய அறிவியலாளர்கள். குண்டுவீச்சுக்கு நடுவே மண்ணெண்ணெய் விளக்கில் ஆய்வு செய்தவர்களாக அவர்களை அறிந்தவர். அதோடு, ஜப்பானியப் படை சீனாவில் உண்மையாகவே நோய்க்கிருமிகளைப் பயன்படுத்தியது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் கம்யூனிச ஆதரவாளரும்கூட. இவை எல்லாம் சேர்ந்து, கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவிடாமல் செய்துவிட்டன. அறிஞர்களின் நேர்மை மீது வைத்த நம்பிக்கை அறிஞர்கள் ஓர் அரசின் பிடியில் இருக்கும்போது செல்லாது என்பதை அவர் பார்த்திருக்க வேண்டும். அது அவருடைய பெரிய தவறு என்றே நானும் கருதுகிறேன்.

ஆனால் அதை வைத்து நூல் தொகுதிகளை ஒதுக்குவதை ஏற்க மாட்டேன். அங்கே ஒவ்வொரு கூற்றுக்கும் மூல நூல், அடிக்குறிப்பு எல்லாம் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் யாரும் போய்ச் சரிபார்க்கலாம். பல இடங்களில் சரிபார்த்துத் திருத்தியும் இருக்கிறார்கள்.

செம்பருத்தி:

இதுவரை எல்லோரும் "நீதம் செய்தார், நீதம் கண்டார்" என்றே எழுதுகிறோம். லூ குவெய்-ஜென்னுக்கு ஒரு பத்தி வந்திருக்கிறது, டாரதி நீதமின் பெயரே வரவில்லை. நான் உயிர்வேதியியல் ஆய்வில் இருப்பவள், இதைச் சும்மா விட முடியாது.

டாரதி மாயில் 1924-ல் நீதமை மணந்தார். தசை எப்படிச் சுருங்குகிறது, அதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில் அவர் செய்த ஆய்வுகள் அடிப்படையானவை. 1948-ல் அவரும் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். ஆனால் வாழ்நாள் முழுக்க நிரந்தரப் பல்கலைக்கழகப் பதவி கிடையாது. ஒரு நல்கை முடிந்தால் அடுத்த நல்கை என்றே ஓட்டினார். 1971-ல் தசை உயிர்வேதியியலின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதினார். அந்த வீட்டில் அறிவியல் வரலாறு எழுதியவர் ஒருவர் மட்டும் இல்லை.

லூ 1937-ல் கேம்பிரிட்ஜுக்கு வந்ததே டாரதியின் துறையில் வேலை செய்யத்தான். நீதமும் லூவும் காதலித்தார்கள். டாரதிக்குத் தெரிந்தே மூவரும் அரை நூற்றாண்டு நண்பர்களாக வாழ்ந்தார்கள், பிற்பாடு ஒரே தெருவில். 1987-ல் டாரதி இறந்தார். 1989-ல் நீதமும் லூவும் மணந்துகொண்டார்கள், 1991-ல் லூவும் போய்விட்டார். ஊடகங்கள் இந்தக் கதையைத்தான் விரும்பிச் சொல்கின்றன. எனக்கு முக்கியம் வேறு. லூ சீனத்துக்கு வாத்தியார் மட்டும் அல்ல. மருத்துவம், ஊட்டச்சத்து, ரசவாதம், குத்தூசி மருத்துவம் ஆகியவற்றைப் பற்றிய எழுத்துகளில் அவர் இணையாசிரியர். முதல் தொகுதியே அவருடைய அப்பாவுக்கு, நான்ஜிங் நகரத்து மருந்து வணிகருக்குத்தான் சமர்ப்பணம். மூலிகை வியாபாரம் செய்த ஒருவர் தன் மகளிடம், நம் முன்னோர் செய்தது வெறும் மூடநம்பிக்கை அல்ல என்று சொல்லி வளர்த்தார். அந்த எண்ணம் மகள் வழியாக நீதமுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு பெரிய திட்டத்தின் வேர் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறது என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வாங் லிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்க்காலத்தில் சிச்சுவானின் ஒரு சிற்றூரில், இடம்பெயர்ந்த வரலாற்று ஆய்வு நிறுவனத்தில் நீதம் அவரைச் சந்தித்தார். வெடிமருந்தின் வரலாறு பற்றி அப்போதே அவர் தேடத் தொடங்கியிருந்தார். கேம்பிரிட்ஜுக்கு வந்து, 1957 வரை நீதமோடு உட்கார்ந்து முதல் தொகுதிகளுக்கான மூலங்களைத் தோண்டி எடுத்தவர் அவர். சீன நூல் கடலில் எந்த நூலின் எந்த மூலையில் ஒரு பம்பைப் பற்றிய வரி இருக்கும் என்று தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் எந்த மேதையாலும் இதைச் செய்திருக்க முடியாது.

ஈப்போக்காரன்:

செம்பருத்தி அக்கா சொன்னதற்கு எங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒரு சேர்க்கை. ஹோ பெங் யோக். மலேசியாவின் பேராக்கில் பிறந்தவர், சிங்கப்பூரில் இயற்பியல் படித்தவர், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சீன ஆய்வுத் துறைக்குப் பேராசிரியராக இருந்தவர். ரசவாதம், வெடிமருந்து பற்றிய பகுதிகளில் நீதமோடு இணையாசிரியர். 1990-லிருந்து 2001 வரை கேம்பிரிட்ஜில் உள்ள நீதம் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். மலாயாவில் வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது எங்களுக்குப் பெருமை. நீதம் இறந்த பிறகும் வேலை நிற்காமல் போனதில் அவருக்குப் பங்கு உண்டு.

இன்னொருவர், வேளாண்மைப் பகுதியை எழுதிய ஃபிரான்செஸ்கா பிரே. 1984-ல் வந்த நூல். அவர் 1970-களில் மலேசியாவின் கிளந்தானில் நெல் விவசாயிகளிடையே தங்கிக் கள ஆய்வு செய்தவர். வயலில் நின்று பார்த்தவர் எழுதினால் அது வரிகளில் தெரியும். கலப்பையின் பலகை எந்த வளைவில் இருந்தால் மண் எப்படிப் புரளும், நாற்று நடுவதால் களை எப்படிக் குறையும் என்றெல்லாம் அவர் விளக்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்பது போல இருக்கிறது.

வன்னிக்குளம்:

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். இங்கே படித்த பழைய ஆட்களுக்கு நீதம் என்ற பெயர் வேறொரு வழியால் தெரியும். 1958-ல் இலங்கை அரசு பல்கலைக்கழகக் கல்வியை ஆராய ஓர் ஆணைக்குழு அமைத்தது. அதற்குத் தலைவர் இந்த ஜோசப் நீதம்தான். 1959-ல் வந்த அறிக்கையை நீதம் அறிக்கை என்றே சொல்வார்கள். பேராதனைப் பல்கலைக்கழக வளாகம் திறந்து சில ஆண்டுகளே ஆன காலம் அது.

எனக்கு அதைவிட முக்கியம், 1971-ல் வந்த கட்டடக்கலை, கப்பல் பற்றிய பகுதியில் இலங்கையின் குளங்களுக்கும் இடம் கொடுத்ததுதான். சீன நீர்ப்பாசனத்தை எழுதும்போது மற்ற நாடுகளோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் எங்கள் பக்கத்தையும் பார்க்கிறார். குளக்கட்டின் உட்பக்கத்தில் செங்குத்தாக இறக்கிய கற்கிணறு ஒன்று உண்டு. சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். பெரிய குளத்தில் ஆழம் கூடும்போது நீரின் அழுத்தமும் கூடும். மதகை நேராகத் திறந்தால் பாயும் வேகத்தில் கட்டே அரித்துப் போய்விடும். நடுவில் இந்தக் கிணறு இருந்தால் வேகம் அதற்குள்ளேயே அடங்கி, திறப்பையும் மூடலையும் மனிதக் கையால் கட்டுப்படுத்த முடியும். இதை நீதம் மிகவும் குறிப்பிடத்தக்க கண்டுபிடிப்பாகவே எழுதுகிறார். அவர் கணக்கில் பொறியியல் என்பது நீராவி இயந்திரத்தோடு தொடங்குவதில்லை.

காலி நகரத்தில் கிடைத்த கல்வெட்டையும் இங்கே சொல்ல வேண்டும். சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409-ம் ஆண்டு பொறித்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். 1911-ல் கண்டெடுத்து இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சீனக் கப்பல்கள் இந்தக் கடலுக்கு வந்தபோது தமிழும் ஒரு துறைமுக மொழி என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கப்பல் பற்றிய அந்தப் பகுதியை நான் இந்தக் கல்லை மனதில் வைத்துத்தான் வாசித்தேன்.

கொதிகலன்:

வன்னிக்குளம், தமிழ்நாட்டு ஏரிகளில் இருக்கும் குமிழித் தூம்பும் இதே சிக்கலுக்குக் கிடைத்த இன்னொரு தீர்வு. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, ஏரிக்குள்ளேயே இரண்டு கல்தூண்கள், நடுவில் கற்தொட்டி, மேலே தூக்கி இறக்கும் அடைப்புக்கல். நீரோடித் துளை, சேறோடித் துளை என்று தனித்தனி. தண்ணீர் வெளியேறும்போதே வண்டலையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பும் ஏற்பாடு. நீதம் சீனாவுக்குச் செய்ததை நம் தூம்புகளுக்கும் மதகுகளுக்கும் ஏற்றங்களுக்கும் வரைபடம், அளவு, கல்வெட்டு என்று ஊர் ஊராகச் செய்ய வேண்டும். சிலர் தனித்தனியாகச் செய்கிறார்கள். ஒரே திட்டமாக, கல்வெட்டு படிப்பவரும் நீர்ப் பொறியாளரும் சேர்ந்து செய்தால் எவ்வளவு கிடைக்கும்!

நேர்கோடு:

இதோடு நீதமின் பெரிய கேள்விக்கு வருவோம். நவீன அறிவியல் ஏன் ஐரோப்பாவில் எழுந்தது, சீனாவில் ஏன் எழவில்லை? "நீதம் கேள்வி" என்றே பெயர் வாங்கிவிட்டது. என் பார்வையில் இது தவறாகப் போடப்பட்ட கேள்வி. சீன அறிவியல் வரலாற்றாசிரியர் நேதன் சிவின் இதைக் கடுமையாக விமர்சித்தார். நடக்காமல் போனவற்றுக்குக் காரணம் கேட்டுக்கொண்டிருப்பது, இன்றைய செய்தித்தாளின் மூன்றாம் பக்கத்தில் உன் பெயர் ஏன் வரவில்லை என்று கேட்பதைப் போன்றது என்றார். ஐரோப்பா போன பாதைதான் எல்லோரும் போக வேண்டிய பாதை என்று வைத்துக்கொண்டால்தான் மற்றவர்கள் "தவறவிட்டார்கள்" என்று தோன்றும்.

நூலின் அமைப்பிலேயே இது தெரிகிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் என்று ஐரோப்பியப் பாடப் பிரிவுகளின்படி சீன அறிவைத் துண்டு போட்டு அடுக்கியிருக்கிறார். சீனர்களே தங்கள் அறிவை எப்படிப் பிரித்தார்கள் என்பது அங்கே இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

அச்சுக்கூடம்:

கேள்வியின் பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நீதம் கேட்டது இரண்டு. கலிலியோ காலத்தில் ஐரோப்பாவில் மட்டும் அந்தப் பாய்ச்சல் ஏன் என்பது ஒன்று. அதற்கு முன், கி.மு. முதல் நூற்றாண்டிலிருந்து 15-ம் நூற்றாண்டு வரை, இயற்கையைப் பற்றிய அறிவை மனிதத் தேவைக்குப் பயன்படுத்துவதில் சீனா ஐரோப்பாவைவிட முன்னால் இருந்தது ஏன் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சேர்த்துப் பார்த்தால் இது "தோற்றவன் ஏன் தோற்றான்" என்ற கேள்வி இல்லை.

வார்ப்பிரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே சீனாவில் இரும்பை உருக்கி அச்சில் வார்த்துக் கலப்பைக் கொழு செய்தார்கள். ஐரோப்பாவில் வார்ப்பிரும்பு பரவ ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. சிச்சுவானின் உப்புக் கிணறுகளைப் பாருங்கள். மூங்கில் வடத்தில் இரும்பு முனையைத் தொங்கவிட்டு, ஆட்கள் நெம்புபலகையில் மிதித்து மிதித்து, முனையைத் தூக்கித் தூக்கிப் போட்டே பாறையைத் துளைத்தார்கள். 1835-ல் ட்சிகோங்கில் ஒரு கிணறு ஆயிரம் மீட்டரைத் தாண்டியது. உப்பு நீரைக் காய்ச்ச அங்கேயே கிடைத்த எரிவாயுவை மூங்கில் குழாயில் கொண்டுவந்தார்கள். இது ஏதோ ஒருநாள் அதிசயமல்ல, தலைமுறை தலைமுறையாக நடந்த தொழில்.

விடையாக நீதம் சொன்னதும் வெறும் பண்பாட்டுக் காரணம் அல்ல. தேர்வு எழுதி வந்த அதிகாரிகளின் பேரரசு, வணிகர்களை ஓர் எல்லைக்கு மேல் வளரவிடவில்லை. அதே அதிகார அமைப்புதான் முன்பு பெரிய கால்வாய்களையும் வான்கணிப்பையும் சாத்தியமாக்கியது என்றார். அதை ஏற்கலாம், மறுக்கலாம். வரலாற்றாசிரியர் மார்க் எல்வின் 1973-ல் வேறொரு விளக்கம் கொடுத்தார்: மலிவான உழைப்பு ஏராளமாக இருந்த இடத்தில் இயந்திரத்துக்குத் தேவை எழவில்லை என்பது போல. கென்னத் பொமெரான்ஸ் 2000-ல் நிலக்கரி கிடைத்த இடத்தையும் அமெரிக்கக் கண்டத்தின் நிலத்தையும் முன்வைத்தார். இத்தனை பேர் பதில் தேடிக் கிளம்பினார்களே, அந்தப் பதில்கள் வழியாகத்தான் சீனப் பொருளாதார வரலாறே செழித்தது.

செம்பருத்தி:

பாடப் பிரிவு பற்றி நேர்கோடு சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. அந்தக் குறையை உள்ளிருந்தே சரிசெய்தவர்களில் ஈப்போக்காரன் சொன்ன பிரேயும் ஒருவர். வேளாண்மைப் பகுதியை எழுதி முடித்த பின், 1997-ல் வீடு, நெசவு, பிள்ளைப்பேறு ஆகிய மூன்றையும் தொழில்நுட்பமாக வைத்து ஒரு நூல் எழுதினார். துணி நெய்து வரி கட்டிய பெண்கள் வணிக நெசவு வளர்ந்தபோது எப்படிப் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள் என்று காட்டுகிறார். எது முதலில் வந்தது என்ற தேடலில் இந்தக் கேள்வி எழவே எழாது. ஆனால் தறியும் நூற்புக் கருவியும் ஆய்வுக்குரிய பொருள் என்று முதலில் இடம் ஒதுக்கியது நீதமின் திட்டம்தான். 1988-ல் டீட்டர் கூன் எழுதிய நூற்புப் பகுதி அதற்குச் சாட்சி.

புதியவாசகன்:

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்தேன். நான் கல்லூரி மாணவன். இவ்வளவு பெரிய வரிசையில் எங்கிருந்து தொடங்குவது? முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் போக வேண்டுமா?

ஈப்போக்காரன்:

வேண்டாம் தம்பி. முதல் தொகுதி முன்னுரை மாதிரி: நிலவியல், வரலாறு, மொழி. நல்லதுதான், ஆனால் சூடு பிடிக்காது. என் ஆலோசனை, எச். டி. ஹுவாங் 2000-ல் எழுதிய நொதித்தல், உணவு பற்றிய பகுதி. 1943-ல் நீதமின் செயலராக இருந்து, அந்த லாரிப் பயணத்தில் துன்ஹுவாங் வரை கூடவே போன இளைஞர் அவர். வாழ்க்கை முழுக்க வேறு வேலைகள் பார்த்துவிட்டு, முதிய வயதில் இந்த நூலை எழுதினார். சோயா சாஸ், டோஃபு, அரிசி மது, தேயிலை எல்லாம் எப்படி வந்தன என்று சொல்கிறார். பூஞ்சை பிடித்த தானியத்தை வைத்தே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி அதே பானையில் மதுவாகவும் மாற்றும் முறையை அவர் விளக்கும் இடம் அற்புதம். சமையலறையில் இருக்கும் பொருள் என்பதால் உடனே பிடிபடும்.

வன்னிக்குளம்:

கப்பல் பிடிக்கும் என்றால் நான்காம் தொகுதியின் மூன்றாம் பகுதி. பின்புறச் சுக்கான், தனித்தனி அறைகளாகத் தடுத்த அடித்தளம், பாய் அமைப்பு என்று ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருந்தது என்று காரணத்தோடு வரும். அது வந்து மூன்று ஆண்டுகளில், 1974-ல், சீனத் துறைமுக நகரமான சுவான்சௌவில் சொங் காலக் கப்பல் ஒன்றையே தோண்டி எடுத்தார்கள். நூலில் சொன்ன தடுப்புச் சுவர்கள் அதில் அப்படியே இருந்தன. அதே சுவான்சௌவில்தான் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது.

நேர்கோடு:

புதியவாசகனுக்கு நானும் ஒன்று சொல்கிறேன். நீதமின் எந்தப் பகுதியைப் படித்தாலும், பிற்பாடு அதே பொருளில் வந்த ஒரு நூலையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு என்றால் டொனால்ட் வாக்னர் 2008-ல் அதே வரிசையில் எழுதிய பகுதி இருக்கிறது. நீதம் காலத்தில் கிடைக்காத அகழாய்வுச் சான்றுகள் ஏராளமாக அதில் வருகின்றன. 1952 பற்றி நான் சொன்னதையும் மறக்க வேண்டாம். அவரை மதிப்பதற்கும் அவரைச் சோதிப்பதற்கும் ஒரே அடிக்குறிப்புகள் போதும்.

கொதிகலன்:

நான் இந்தப் பருவத்தில் மாணவர்களோடு சூ சொங் சக்கரத்தின் சிறிய மாதிரி ஒன்றைச் செய்யப்போகிறேன். 36 அகப்பைகள் சின்ன அளவில் கடினம் என்பதால் 12 வைத்துத் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நீர் மட்டத்தை மாறாமல் வைக்கும் தொட்டிதான் சவால். வழிந்தோடும் வாய் வைத்தால் சரியாக வரும். வரைபடத்தை இங்கேயே போடுகிறேன். நெம்புகோல் எடைகளைக் கணக்கிட விருப்பம் உள்ளவர்கள் சேர்ந்துகொள்ளலாம். புதியவாசகன், நீங்களும் வாருங்கள்.

அச்சுக்கூடம்:

அப்படியென்றால் அந்தக் கடிகாரப் பகுதியையே எல்லோரும் சேர்ந்து முதலில் வாசிப்போம். மூல நூலின் பத்திகளைப் பகுதி பகுதியாகத் தமிழில் சுருக்கி நான் இடுகிறேன். கொதிகலன் படங்களை விளக்கட்டும். நேர்கோடு, லாண்டஸின் எதிர்வாதத்தை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.